எட்டு டாலர் கொடி

மண் தீரவே தீராது என்று 1909இல் அமெரிக்க அரசாங்கம் அச்சடித்தே வெளியிட்டது. அந்நாட்டு வேளாண் துறையில் மண் ஆய்வுப் பிரிவின் தலைவர் மில்டன் விட்னி. அவருடைய 55ஆம் எண் வெளியீட்டில், நாட்டுக்கு இருக்கும் சொத்துகளிலேயே அழிக்கவும் முடியாதது, தீர்க்கவும் முடியாதது மண் ஒன்றுதான் என்று எழுதியிருந்தது. அரசு முத்திரை விழுந்துவிட்ட பிறகு மண்ணாவது, தீர்வதாவது!

ஆனால் மண்ணுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டூவர்ட் மாவட்டத்தில், பருத்திக்காகக் காட்டை வெட்டி, சரிவு மேடு பாராமல் ஏர் ஓட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப் போய்விட்டது. நிலம் போன இடத்தில் பள்ளத்தாக்கு வந்தது. இன்றைக்கு அதன் ஆழம் 150 அடிவரை இருக்கிறது. பிராவிடன்ஸ் கேன்யன் என்று பெயர் சூட்டி மாநிலப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். தாத்தாக்கள் நாசம் பண்ணிய வயலைப் பேரப்பிள்ளைகள் பெண்டு பிள்ளைகளோடு போய், 'ஆஹா, என்ன அழகு!' என்று படம் பிடித்து வருகிறார்கள். விவசாயத்தில் தோற்றுச் சுற்றுலாவில் ஜெயித்த மாவட்டம் அது.

விட்னியின் கீழ் சம்பளம் வாங்கியவர் ஹ்யூ ஹேமண்ட் பென்னட். வடக்கு கரோலினாவின் ஆன்சன் மாவட்டத்துப் பருத்திக்காட்டில் பிறந்தவர், ஆஜானுபாகு. ஊர் ஊராகப் போய் மண் வரைபடம் போடுவது உத்தியோகம். 1905இல் வர்ஜீனியாவில் அருகருகே கிடந்த இரண்டு நிலங்களைப் பார்த்தார். ஒன்று காடு, கை வைத்தால் பொலபொலவென்று மண். இன்னொன்று உழுத நிலம், கட்டாந்தரை. மேல்மண் முழுக்கத் தாள் தாளாக உரிந்து போயிருந்தது. தீராத பொருள் தீர்ந்துபோனதைத் தன் கண்ணாலேயே பார்த்தும், மேலதிகாரி எழுதியதை மறுத்துப் பேச மனுஷருக்குப் பல வருஷம் ஆயிற்று. அரசு ஊழியர் யாரும் இதைப் படித்து ஆச்சரியப்படப் போவதில்லை. பிற்பாடு வாய் திறந்தபோது மட்டும் பலமாகவே திறந்தார். இத்தனை சின்ன வாக்கியத்துக்குள் இவ்வளவு செலவு வைக்கும் பொய்த் தகவலை அடைக்க முடியும் என்று தமக்குத் தெரியாமல் போயிற்றே என்று விட்னியின் வரியைப் போட்டு வாங்கினார்.

1928இல் மண் அரிப்பு ஒரு தேசிய அபாயம் என்ற தலைப்பில் பென்னட்டும் கூட்டாளி ஒருவரும் ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். அதைப் படித்துவிட்டு, சரி, ஆராய்ச்சி செய்து பாருங்கள் என்று 1,60,000 டாலரைக் கையில் கொடுத்தது காங்கிரஸ். வீடு பற்றி எரியும்போது தீயின் தன்மையை ஆராய்வதற்கு நிதி ஒதுக்குவது உலகெங்கும் உள்ள அரசுகளுக்குப் பிடித்த காரியம்.

1933 மார்ச்சில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தார். வந்தவர் முன்னால் இரண்டு தலைவலிகள் இருந்தன. வேலையில்லாமல் திரியும் பையன்கள் ஒன்று, மொட்டையடிக்கப்பட்ட காடுகள் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். மார்ச் 31இல் சட்டம், ஏப்ரல் 17இல் வர்ஜீனியா மலையில் முதல் முகாம். பதினேழு நாள்! இப்போது பதினேழு நாளில் ஒரு கோப்பு மேஜை மாறினாலே அதிசயம். சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அந்தப் படையில் சேர்ந்த பையனுக்குச் சாப்பாடு, படுக்கை, சீருடை, அதோடு மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் அவன் கைக்கே வராது, நேரே வீட்டுக்குப் போய்விடும். ஆண்பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஏதோ ஓர் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் அந்த விதியை எழுதியிருக்க வேண்டும். மிச்சம் ஐந்து டாலரில் சிகரெட்டு, சினிமா, சனிக்கிழமை நடனம்.

ஒன்பது வருஷத்தில் சுமார் 30 லட்சம் பேர் சேர்ந்தார்கள், 300 கோடி மரம் நட்டார்கள். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசுப் பணம் புழங்குகிற இடத்தில் மரத்தோடு வேறு சிலவும் முளைக்கும். தொடக்கத்திலேயே, பையன்களுக்குச் சோப்பு, சீப்பு, சவரக்கத்தி அடங்கிய பைகள் 2 லட்சம், பை ஒன்று 1.40 டாலர் என்று ஒப்பந்தமாயிற்று. ராணுவமே இதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிக் கொடுத்திருக்குமே என்று செனட்டில் விசாரணை கிளம்பியது. ஒப்பந்தத்துக்குத் தலையாட்டியவர் ரூஸ்வெல்ட்டின் வலதுகை, லூயி ஹோவ். நாடு காக்கும் திட்டத்தின் முதல் ஊழல் புகார் சோப்பு டப்பாவில் வந்து நின்றது. சட்டத்தில் நிற பேதம் கூடாது என்று அழகாக எழுதியிருந்தது. முகாமில் கறுப்பர்களுக்குத் தனிக் கொட்டகை. எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று.

அதே 1933இல் பொதுப்பணி நிதியிலிருந்து 50 லட்சம் டாலரை எடுத்து, மண் அரிப்புத் தடுப்புக்கென்று ஒரு தற்காலிக அலுவலகம் திறந்து, பென்னட்டைத் தலைவராக உட்காரவைத்தார்கள். தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதும் பென்னட்டுக்கு வயிறு கலங்கியிருக்கும். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் செனட்டர்கள் மனசு இளக வேண்டும். செனட்டர்களுக்கோ மண் என்பது தேர்தலுக்குத் தேர்தல் மிதித்துவிட்டு வரும் ஒரு பொருள். பென்னட் சும்மா இருப்பாரா? வழவழப்பான மேஜைமேல் தண்ணீரைக் கொட்டி ஓடவிடுவார், பிறகு அதே மேஜையில் துண்டை விரித்து மறுபடி கொட்டி, பார்த்தீர்களா, பயிர் போர்த்திய நிலம் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது என்பார் என்று கதை உண்டு. கனவான்களின் கால்சட்டை நனைந்ததா என்பதைப் பற்றிக் கதை மௌனம் சாதிக்கிறது.

1935 வசந்தகாலம்தான் அவருடைய உச்சகட்டக் காட்சி. மேற்கே சமவெளிப் பிரதேசங்களில் புல்லைப் பிய்த்துப் போட்டுக் கோதுமை விதைத்திருந்தார்கள். மழை பொய்த்தது, காற்று மெய்த்தது. வயலெல்லாம் வானத்துக்கு ஏறிவிட்டன. செனட் குழு முன்னால் பென்னட் சாட்சி சொல்ல வேண்டிய நாளில், ஒரு புழுதிப்புயல் கிழக்கு நோக்கிக் கிளம்பி வந்துகொண்டிருந்தது. எந்த ஊரைத் தாண்டியது, எப்போது வாஷிங்டன் வந்து சேரும் என்றெல்லாம் அவர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார். மந்திரி கார் வந்து சேரும்வரை மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் வரவேற்புரைக்காரர்போல, மனுஷர் புள்ளிவிவரத்துக்கு மேல் புள்ளிவிவரமாக அடுக்கி நேரத்தைக் கடத்தினார். குழுவினர் கொட்டாவி விட்டிருந்தாலும் குற்றமில்லை. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. மழை வருகிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்தவர்களுக்கு வந்திருந்தது மழையல்ல. பல நூறு மைலுக்கு அப்பால் யாரோ ஒரு விவசாயியின் வயல், வந்து தலைநகரத்தின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 27இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. வயல் பறந்து மூக்கில் ஏறினால்தான் மசோதா பறக்கும் என்ற ரகசியத்தைப் பென்னட் அளவுக்குப் புரிந்துகொண்ட அதிகாரி வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. தற்காலிக அலுவலகம் மண் பாதுகாப்புப் பணித்துறை ஆயிற்று. அடுத்து, உள்ளூர்க்காரர்களே நடத்தும் மண் பாதுகாப்பு வட்டாரங்கள் அமைக்க ஏற்பாடாயிற்று. 1937இல் நாட்டிலேயே முதலாவது வட்டாரம் எங்கே அமைந்தது என்கிறீர்கள்? ஆன்சன் மாவட்டத்தில், பென்னட்டின் சொந்த ஊர்ப்பக்கம். முதல் குழாயடி தலைவர் வீட்டு வாசலில் வருவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல்.

இதற்கிடையே விவசாயிக்குப் பணம் கொடுப்பதில் ரூஸ்வெல்ட் அரசு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. விளைச்சல் மிதமிஞ்சி விலை விழுந்துவிட்டது, ஆகவே விளைவிக்காதே, காசு தருகிறேன் என்பது திட்டம். 1933இல் காய் பிடித்து நின்ற பருத்தியில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் உழுது மண்ணோடு மண்ணாக்கினார்கள். 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். நாடு பசியோடு கஞ்சிவரிசையில் நின்ற காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியை உழவந்த கோவேறு கழுதைகள் செடிமேல் கால்வைக்க மறுத்து அடம்பிடித்தன என்று அப்போது சொல்வார்கள். வாழ்நாளெல்லாம், செடியை மிதித்தால் சாட்டை என்று பழக்கிவிட்டு, திடீரென்று மிதி என்றால் எப்படி? அந்தத் திட்டத்தில் சம்பந்தப்பட்ட ஜீவன்களில் பொருளாதாரம் புரிந்தது கழுதைக்குத்தான்.

காசு போய்ச் சேர்ந்த இடம் இன்னும் வேடிக்கை. காசோலை நிலச்சுவான்தார் பெயருக்கு. விளைவிக்காத நிலத்துக்குக் குத்தகைக்காரன் எதற்கு? எத்தனையோ வாரக் குடும்பங்கள் வெளியே தள்ளப்பட்டன. 1934இல் ஆர்கன்சாவில் கறுப்பரும் வெள்ளையருமாகக் குத்தகைக்காரர்கள் சங்கம் கட்டினார்கள். அவர்களுக்கும் நியாயமாகப் பங்கு போகட்டுமே என்று, திட்டத்தை நடத்திய வாஷிங்டன் அலுவலகத்துக்குள்ளேயே சில இளம் வக்கீல்கள் வாதாடினார்கள். 1935 பிப்ரவரியில் அவர்களுக்கு வேலை போயிற்று. சிரிக்கும்படி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தாலும் இந்த இடத்தில் வரமாட்டேன் என்கிறது.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டையே செல்லாது என்று தூக்கிப் போட்டது. பயிரைக் குறைக்கப் பணம் கொடுப்பது மத்திய அரசின் வேலையல்லவாம். அரசாங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்ததா? எட்டு வாரம் முடியுமுன்னே, பிப்ரவரி 29ஆம் தேதி புதுச் சட்டம் தயார். அதே விவசாயி, அதே நிலம், அதே காசோலை. பயிரைக் குறைக்க அல்ல, மண்ணைக் காக்க என்று மட்டும் மாற்றி எழுதினார்கள். பருத்தி, சோளம், புகையிலை எல்லாம் மண்ணை உறிஞ்சும் பயிர்கள். அவற்றை விட்டுவிட்டுப் புல்லும் பயறு வகையும் போட்டால் மானியம். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேதியில் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டையே சுற்றி வந்துவிட்டார்கள். மண்ணைக் காப்பாற்ற எத்தனையோ நல்ல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றாக நீதிமன்றத்தை ஏமாற்றுவதும் சேர்ந்துகொண்டது.

கதாநாயகி மேடைக்கு வருவது இப்போதுதான். பயறு இனம், நிலத்துக்குத் தழைச்சத்து தருவாள், வேர் ஆழமாகப் போகும், இலை நிலத்தைப் போர்த்தும், மாட்டுக்கும் பிடிக்கும். பெயர் குட்ஸு. ஜப்பான்காரி. 1876இல் பிலடெல்பியாவில் அமெரிக்க சுதந்திர நூற்றாண்டுக் கண்காட்சி நடந்தபோது ஜப்பானிய அரங்கின் தோட்டத்தில் கொலுவிருந்தாள். மணக்கும் ஊதாப் பூவைப் பார்த்துச் சொக்கிப்போன சீமாட்டிகள் தெற்கே கொண்டுபோய் வராந்தாவில் நிழலுக்குப் படரவிட்டார்கள். 1900களில் ஃபுளோரிடாவின் சிப்லி என்ற ஊரில் பிளீஸ் என்ற தம்பதியர், ஆடுமாடு இதை ஆசையாகத் தின்கிறதே என்று கண்டு, நாற்றுப் போட்டுத் தபாலில் விற்றார்கள். குட்ஸு வளர்ந்த ஊர் என்று அங்கே பெருமையாக ஒரு பலகைகூட நட்டிருக்கிறார்கள். நல்ல காலத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி நீளும் கொடி அது. சீமைக் கருவேலத்தைப் பார்த்து வளர்ந்த வாசகர்களுக்கு இந்தக் கதை போகும் திசை இப்போதே தெரிந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள், முழுக்க அப்படியே போகாது.

மண் பாதுகாப்புத் துறை நாற்றங்கால் போட்டு 7 கோடி குட்ஸு நாற்றுகளுக்கு மேல் வளர்த்தது. படைப் பையன்கள் குழி தோண்டினார்கள். விவசாயிகள்தான் தயங்கினார்கள். வராந்தாவில் விட்ட கொடி கூரைமேல் ஏறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். போதாக்குறைக்கு, இதை வைத்துக்கொண்டு என்ன சம்பாதிப்பது என்றும் விளங்கவில்லை. ஆகவே, நடுகிறவருக்கு ஏக்கருக்கு 8 டாலர்வரை மானியம் என்று அறிவித்தார்கள். முகாம் பையன் எட்டு நாள் மண்வெட்டி பிடித்தால் கிடைக்கும் காசு. உடனே குட்ஸுவின் அருமை பலருக்கும் விளங்கிவிட்டது. தாவரவியலை இவ்வளவு வேகமாகப் போதித்த ஆசிரியர் வேறு இல்லை.

மானியம் பிரசாரகரையும் விளைவிக்கும். அட்லாண்டாவில் சானிங் கோப் என்று ஒரு பத்திரிகைக்காரர், வானொலிக்காரர். மனுஷருக்கு விவசாயம் பிடிக்கும், வேலை செய்வதுதான் பிடிக்காது. வராந்தாவில் சாய்வாக உட்கார்ந்துகொண்டே பண்ணை நடத்தும் கலையைப் பற்றி 1949இல் புத்தகமே போட்டார், தலைப்பும் வராந்தா விவசாயி என்ற பொருளில்தான். உழைப்பை எல்லாம் குட்ஸு பார்த்துக்கொள்ளும் என்பது சித்தாந்தம். செத்துப்போன தென்னாட்டு மண்ணை உயிர்ப்பிக்க வந்த தெய்வமே என்று வானொலியில் கொடிக்கு அர்ச்சனை நடந்தது. அமெரிக்கக் குட்ஸு சங்கம் தொடங்கினார். 20,000 உறுப்பினர்கள். தென்மாநிலங்களில் 80 லட்சம் ஏக்கர் குட்ஸு என்பது குறிக்கோள். ஊர்களில் நடவுப் போட்டி வைத்தார்கள், குட்ஸு அழகிக்குக் கிரீடம் சூட்டினார்கள். பருத்திக்கோ நெல்லுக்கோ கிடைக்காத மரியாதை ஒரு மாட்டுத் தீவனத்துக்கு.

80 லட்சம் நடக்கவில்லை. 1945 வாக்கில் நட்டிருந்தது பத்து லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பகுதி காணாமல் போயிற்று. நாட்டையே விழுங்க வந்ததாக நாம் கேள்விப்பட்ட கொடியை மாடு தின்று தீர்த்துவிட்டது. அடுத்தடுத்து மேயவிட்டால் குட்ஸு தாங்காது. வைக்கோலாக அறுத்துக் கட்டுவதும் பெரிய இம்சை, கொடி யந்திரத்தைச் சுற்றிக்கொள்ளும். மானியம் நின்ற மறுவருஷம் விவசாயி கலப்பையை எடுத்துவந்து உழுதுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தான். எட்டு டாலர் வந்தவரைக்கும் மண்பற்று இருந்தது, நின்றதும் வற்றியது. அவனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மூன்று வருஷத்துக்குக் காசு கொடுத்துவிட்டு முப்பது வருஷத்துக்கு விசுவாசத்தை எதிர்பார்ப்பது திட்டம் போட்டவர்களின் பிழை.

அப்படியானால் பிழைத்தது எது? ரயில்வேக்காரர்களும் நெடுஞ்சாலைக்காரர்களும் மலையை வெட்டிப் பாதை போட்டபோது இரண்டு பக்கமும் சரிந்து விழுந்த மண்மேல் நட்டார்களே, அது. அங்கே மேய மாடில்லை, உழ ஆளில்லை. கொடி மரத்தில் ஏறிற்று, தந்திக் கம்பத்தில் ஏறிற்று, பாழடைந்த வீட்டை மூடிப் பச்சைப் பூதமாக நின்றது. காரில் போகிறவன் சாலையோரத்தைத்தானே பார்ப்பான்? நூறு மைல் போனாலும் கண்ணில் பட்டது குட்ஸு மட்டும். தென்னாட்டைத் தின்ற கொடி என்று பட்டம் கிடைத்தது. 90 லட்சம் ஏக்கரைப் பிடித்துவிட்டது என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள். வனத்துறை உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது காடுகளில் கிடைத்தது ஏறத்தாழ 2,27,000 ஏக்கர். சத்தமில்லாமல் உள்ளே புகுந்த பிரைவெட் என்ற வேலிச்செடி 32 லட்சம் ஏக்கரைச் சுருட்டியிருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது சாலையோரத்தில் நின்று காட்சி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். புழுதியை ஜன்னல்வரை கொண்டுவந்து நிறுத்திய பென்னட்டின் வித்தையை அவர் நட்ட கொடியும் கற்றுக்கொண்டுவிட்டது.

1953இல் மானியப் பட்டியலிலிருந்து குட்ஸுவை வேளாண் துறை சத்தமில்லாமல் நீக்கியது. 1970இல் களை என்றார்கள். 1990களின் பிற்பாதியில் தேசத்துக்கே தீங்கு செய்யும் களை என்று பதவி உயர்வு. டைம் பத்திரிகை நூற்றாண்டின் மிக மோசமான நூறு யோசனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆர்.ஈ.எம். என்ற ஜார்ஜியா இசைக்குழு 1983இல் தன் முதல் ஆல்பத்தின் அட்டையில் குட்ஸு போர்த்திய நிலத்தைப் போட்டது. நட்டவர்களின் பெயரை யாரும் கேட்கவில்லை. அரசுத் துறையில் ஒரு திட்டம் ஜெயித்தால் அதற்கு அப்பன் பத்துப் பேர். தோற்றால் அது தானாக வளர்ந்த செடி.

பென்னட்டுக்கு இங்கே ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். மண் போகிறது என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரிவுக்குக் குறுக்கே உழு, வரப்பு போடு, பயிரை மாற்று என்று அவர் ஆட்கள் வயல் வயலாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது இன்றும் நிற்கிறது. குட்ஸு அவர் மருந்துப் பெட்டியில் இருந்த பல மருந்துகளில் ஒன்று. ஆனால் வரப்பு சாலையிலிருந்து தெரியாது, வரப்புக்கு அழகிப் போட்டியும் கிடையாது.

இப்போது குட்ஸுவை ஒழிக்கப் பணம் செலவாகிறது. களைக்கொல்லி தெளித்தார்கள். அதில் ஒன்றைத் தெளித்தபோது கொடி முன்னைவிடச் செழித்ததாம். டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகராட்சி 2006 வாக்கில் வேறு யோசனை செய்தது. மிஷனரி ரிட்ஜ் மலைச்சரிவில் படர்ந்த குட்ஸுவை மேய ஆடுகளை அமர்த்தியது. மாடு தின்றால் அழிகிற கொடியை அழிக்க ஆடு விடலாம் என்று கண்டுபிடிக்க அறுபது வருஷம். ஆடுகள் மனமுவந்து வேலை பார்த்தன. நாய்கள் வந்து ஆடுகளைக் கடித்தன. நாய்களை விரட்ட லாமாக்களைக் கொண்டுவந்து காவலுக்கு நிறுத்தினார்கள். ஜப்பான் கொடியைத் தின்னும் டென்னசி ஆட்டுக்குத் தென்னமெரிக்க லாமா பாதுகாப்பு. லாமாவைக் கடிக்க ஏதாவது வந்தால் அதற்கும் ஒரு தலைப்பில் நிதி ஒதுக்காமலா போய்விடுவார்கள்?